இசக்கியிடம் நான் மறைத்தது

கரமனை,
திருவனந்தபுரம்.
14.10.2001

அன்பு மகள் ஆவுடைத்தாய்க்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசைப் பற்றி மேலே படிக்கும்போது உனக்கே தெரியும். ஷில்லாங் குளிரில் உனக்கும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் சளி, காய்ச்சல் என்று எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். நீ அனுப்பிய சால்வை போன மாதமே வந்து சேர்ந்தது. இந்த ஊர்ப் புழுக்கத்தில் அதை எங்கே போர்த்துவது, ஆனாலும் மடித்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். பதில் போடவில்லை என்று வருத்தப்பட்டிருப்பாய். நான்கு தடவை எழுத உட்கார்ந்தேன். நான்கு தடவையும் துலாமழை பிடித்துவிட்டது, அடுக்களை ஓடு ஒழுகுகிறது, பக்கத்து வீட்டுச் சுவர் சாய்ந்துவிட்டது என்று ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். ஆறு வருஷமாக உனக்கு அப்படித்தானே எழுதிக்கொண்டிருக்கிறேன். தம்பி லிங்கம் வேலைக்குப் போகிறான், அவன் பெண்டாட்டி இசக்கி சுகம், அவர்கள் பிள்ளை அனுஷா ஒன்றாம் வகுப்பு என்று நான் எழுதுவேன். மழை, பரீட்சை, ஹாஸ்டல் பிள்ளைகள் என்று நீ எழுதுவாய். எதை எழுதாமல் விடுகிறோம் என்று நம் இரண்டு பேருக்குமே தெரியும். இன்றைக்கு அதைத்தான் எழுதப் போகிறேன், வகுப்புக்கு நடுவில் படிக்காமல் ஓய்வாக இருக்கும்போது படி.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த வாரம் லிங்கம் ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். பேரூர்க்கடையில் ஒரு புது வீட்டுக்கு வயரிங் வேலை. விழுந்ததை உனக்குச் சொல்லவே இல்லை, பார்த்தாயா. அன்றைக்குக் காலையில் அவன் குடித்திருக்கவில்லை. குடிக்காததால்தான் கை நடுங்கி, பிடி நழுவி விழுந்தான். இது எனக்கு அப்போது தெரியாது, பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுவதற்கு முன்னால் டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார், சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, மோன் குடிக்குமோ என்று. நான் கொஞ்சமும் தயங்காமல், "இல்ல டாக்டர், எம் மவனுக்கு அந்தப் பழக்கமே கெடையாது" என்று சொல்லிவிட்டேன். இசக்கி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். நான் சேலைத் தலைப்புக்குள் கையை விட்டு அவள் கையை அழுத்திக் கிள்ளினேன். அவள் திரும்பவும் லிங்கத்தின் பக்கம் பார்த்துக்கொண்டாள். என்னைப் பார், மகன் கால் முறிந்து கிடக்கிறான், அப்போதும் எனக்கு முதலில் வந்தது மறைக்கிற புத்திதான்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவனுக்கு உடம்பெல்லாம் உதற ஆரம்பித்தது. கட்டில் விரிப்பெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று கூச்சல் போட்டான். கட்டைப் பிய்க்கப் பார்த்தான். செத்துப் போன உன் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான், என்னைப் பார்த்து இது யார் என்று கேட்டான். நான்கு பேர் பிடித்துக் கையைக் கட்டிலோடு கட்டினார்கள். வலிப்பு வந்து கண் மேலே செருகிக்கொண்டது. தலையில் அடிபட்டிருக்குமோ என்று டாக்டர் ஓடி வந்தார். அப்போதும் நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றேன். இசக்கிதான் முன்னால் போய், "டாக்டர், அவுக தினமும் குடிப்பாக. ஒரு நாளும் விட்டதில்ல. இங்க வந்த பொறவுதான் மூணு நாளா இல்லாம இருக்காக" என்று சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தார். "அம்மே, இது ஆத்யமே பறயணமாயிருந்நு" என்றார், இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டுமாம், அவ்வளவுதான். முதல் நாளே சொல்லியிருந்தால் அதற்கு மருந்து கொடுத்திருப்போம், இப்படி விட்டிருந்தால் ஆள் போயிருப்பான் என்று நர்ஸ் அப்புறம் விளக்கிச் சொன்னாள். அவர் ஏசியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். என் மகனை என் வாயாலேயே கொல்லப் பார்த்திருக்கிறேன் என்று அன்றைக்கு ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து நினைத்தேன். ஐந்தாம் நாள் அவனுக்குத் தெளிந்தது, என்னை அம்மா என்று கூப்பிட்டான்.

அந்த நர்ஸ்தான் இசக்கியிடம் ஒரு விலாசம் எழுதிக் கொடுத்தாள். தைக்காட்டில் ஒரு நர்சரிப் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை நான்கு மணிக்கு ஒரு கூட்டம் நடக்கிறது. அது குடிக்கிறவர்களுக்கு இல்லை, அவர்களோடு வீட்டில் இருக்கிறவர்களுக்கு. அம்மா, மனைவி, மகள், அண்ணன் யார் வேண்டுமானாலும் வரலாம். இசக்கி என்னிடம் வந்து, "அத்த, நான் ஒரு நா போயிட்டு வரட்டா?" என்று கேட்டாள். நான் உடனே, "வா, நானும் வாரேன்" என்றேன். நல்ல மாமியார் என்று நினைத்துக்கொள்ளாதே. இவள் அங்கே போய் நம் வீட்டு விஷயத்தை என்னவெல்லாம் சொல்லிவிடுவாளோ, பக்கத்தில் நான் இருந்தால் சொல்ல மாட்டாள் என்றுதான் கூடப் போனேன். காவலுக்குப் போனேன்.

அங்கே இருப்பதெல்லாம் சின்னப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலி. முட்டி நெஞ்சில் இடிக்க, சுவரில் ஆனை, பட்டம் படங்களுக்குக் கீழே நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்போம். பெரும்பாலும் பொம்பளைகள், இரண்டு ஆண்கள். நடத்துகிறவர் என்று யாரும் இல்லை, டெலிபோன் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆன சரசம்மா என்று ஒருவர் கதவைத் திறந்து, பாலில்லாத கட்டன் சாயா போட்டுக் கொண்டுவருவார். அவர் வீட்டுக்காரர் குடித்தே போய்ச் சேர்ந்தவர். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, கேட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது. அதனால் மற்றவர்கள் சொன்னது எதையும் உனக்கும் எழுத மாட்டேன், நம் வீட்டுப் பேச்சை மட்டும் எழுதுகிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், லிங்கம் வேலைக்குப் போகாத நாளெல்லாம் காண்ட்ராக்டருக்குப் போன் போட்டு வயிற்றுப்போக்கு, காய்ச்சல், மாமா இறந்துவிட்டார் என்று நான் சொல்லி வந்தேனே, உனக்கு இருக்கிற ஒரே மாமாவை நான் மூன்று தடவை கொன்றிருக்கிறேன், அதே மாதிரிப் பொய்யை அந்த அறையில் இருக்கிற எல்லோருமே சொல்லியிருக்கிறோம். முதல் நாள் ஒருவர் அதைச் சொல்லக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உடனே அழுகை வந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. மூன்று சனிக்கிழமை அப்படியே போனது.

நான்காவது சனிக்கிழமை, ஆகஸ்ட் மாதம், இசக்கி பேசினாள். அவள் மடியில் கையைக் கோர்த்து வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், மெதுவாகத்தான் சொன்னாள். "எங்க வீட்டுக்காரரு கல்யாணத்துக்கு முந்தி சொட்டு தொட்டதில்ல. நான் வந்த பொறவுதான் இப்படி. எங்கிட்ட என்ன கொறன்னு அஞ்சு வருசமா யோசிக்கேன். சமையலா, பேச்சா, படிக்காததா, அவுக மொகம் பாத்து நடக்கத் தெரியலையா, ஒண்ணும் புடிபடல. ஒவ்வொண்ணா மாத்திப் பாத்துட்டேன்" என்றாள். ஆவுடை, அவள் சொன்ன வார்த்தை என்னுடையது. அனுஷாவுக்குப் பெயர் வைத்த அன்றைக்குப் பணகுடியிலிருந்து இசக்கியின் அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள், லிங்கம் நிற்க முடியாமல் வந்து சாப்பாட்டுப் பந்தியில் விழுந்தான். எனக்கு அவமானம் தாங்கவில்லை. அடுக்களைக்குள் போய், பிள்ளை பெற்று முப்பது நாள் ஆன அந்தப் பெண்ணிடம், "எம் மவன் சொட்டு தொட்டவன் இல்ல, நீ வந்த பொறவுதான் இந்தக் கோலம்" என்று சொன்னேன். அதற்குப் பிறகும் அக்கம்பக்கத்தில் யாராவது கேட்கும்போதெல்லாம் அவள் காதில் விழும்படி அதையே சொல்லியிருக்கிறேன். நான் சொல்லிவிட்டு மறந்துவிட்டேன். அவள் அதை நம்பி ஐந்து வருஷம் தன்னைத்தானே துருவிக்கொண்டிருக்கிறாள். அவள் குழம்பில் உப்பைக் குறைத்ததும், சிரிப்பதை நிறுத்தியதும், பணகுடிக்குப் போவதை விட்டதும் எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. பெண் பொறுப்பாகிவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதைக் கேட்டுக்கொண்டு எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே போய்விடலாம் என்று பார்த்தேன், அந்தச் சின்ன நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்திருக்கவும் முடியவில்லை. சரசம்மா, "சேச்சிக்கு எந்தெங்கிலும் பறயணோ?" என்று கேட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமா என்கிறார், வேண்டாம் என்று தலையாட்டத்தான் நினைத்தேன், பேச்சு வந்துவிட்டது. அவள் சொன்னது பொய், அது அவள் பொய் இல்லை, நான் கொடுத்த பொய் என்றேன். கல்யாணத்துக்கு மூன்று வருஷம் முன்னாலேயே என் மகன் குடிக்க ஆரம்பித்துவிட்டான், எனக்குத் தெரியும் என்றேன். பழவங்காடி ஸ்டாப்பில் விழுந்து கிடந்தவனை நீ ஒருத்தியாக ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தாயே, அதைச் சொன்னேன். கல்யாணம் பண்ணி வைத்தால் திருந்திவிடுவான் என்று உன் கல்யாணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு உன்னைவிட இரண்டு வயது இளையவனுக்கு ஓடி ஓடிப் பெண் தேடினேன் என்றேன். அந்தப் பெண் வீட்டில் விஷயத்தைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்று நீ என்னிடம் மூன்று தடவை சொன்னாய். மூன்றாவது தடவை நான் உன்னிடம் என்ன சொன்னேன் என்பதையும் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். உனக்கு முன்னால் தம்பிக்குக் கல்யாணம் ஆகிறதே என்ற வயிற்றெரிச்சலில் பேசுகிறாய், ஒரு வார்த்தை வெளியே போனால் நான் தூக்குப் போட்டுக்கொள்வேன் என்று. நீ அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. கல்யாணத்தில் பந்தி பரிமாறினாய், அடுத்த மாதம் ஷில்லாங்குக்கு வேலை எடுத்துக்கொண்டு போனாய். மகளுக்கு நல்ல கான்வென்டில் வேலை கிடைத்துவிட்டது என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னேன். நீ வேலைக்குப் போகவில்லை, நான் உன்னைத் துரத்தினேன். இதையும் அங்கேதான் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன்.

ஒருவர் சொன்னதற்குப் பதில் பேசக் கூடாது என்பதுதான் அங்கே முறை. இசக்கி மட்டும் என் பக்கம் திரும்பினாள். கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. "அப்ப நான் வந்ததுனால இல்லியா, அத்த?" என்று கேட்டாள். இல்லை மக்கா, உனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றேன். பிறகு, "மதினிக்கும் தெரியுமா?" என்றாள். உன்னைத்தான் கேட்டாள். "தெரியும். சொல்லச் சொன்னா. நாந்தான் அவ வாயக் கட்டிப் போட்டேன்" என்றேன். அவள் சரி என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

அன்றைக்குத் தூறலில் பஸ் ஸ்டாப்புக்கு அவள் பத்தடி முன்னால் நடந்தாள், நான் பின்னால் நடந்தேன். வீட்டுக்கு வந்து லிங்கத்துக்குக் கஞ்சி கொடுத்தாள், அவன் காலுக்கடியில் தலையணை வைத்தாள், அனுஷாவின் துணிகளை எடுத்து வைத்தாள். மறுநாள் பணகுடிக்குப் போகிறேன் என்றாள். தம்பானூர் வரைக்கும் நானும் போய் நாகர்கோவில் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். எப்போ வருவே என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். "ஏளா, உனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்யி. எனக்காவ வராத" என்று மட்டும் சொன்னேன். அடுத்த வாரம் அவள் அப்பா மீதித் துணிமணியை எடுக்க வந்தார். அவரிடமும் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன், தெரிந்தேதான் உங்கள் பெண்ணைக் கட்டினோம் என்று. அவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. நான் கொண்டுவந்த தண்ணீரை வாங்கவில்லை, "நாங்க உங்க மொகத்தப் பாத்துத்தானம்மா குடுத்தோம்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

லிங்கம் விஷயம் கேட்பாய். கட்டுப் பிரித்து ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்தவன் திருவோணத்தன்று யாரோ சிநேகிதன் கொண்டுவந்ததைக் குடித்துவிட்டுத் தள்ளாடினான். மறுநாள் காண்ட்ராக்டர் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து, லிங்கம் எப்போது வேலைக்கு வருவான் என்று கேட்டார். என்ன சொல்லட்டும் என்று நான் யோசிக்கவில்லை, குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று சொல்லிவிட்டேன். அது தெரிந்து அவன் என்னை என்னவெல்லாம் சொன்னான் என்பதை எழுத வேண்டாம். நீயெல்லாம் ஒரு அம்மாவா என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை, ஆனால் அவன் நினைத்த காரணம்தான் வேறு. பத்து நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் அவனாகவே, குடியை நிறுத்த ஓர் ஆஸ்பத்திரியில் போய்ச் சேரும்படி இசக்கி முன்பு சொன்னாளே, அது எங்கே என்று கேட்டான். மருத்துவத்துக்குக் கொண்டுபோய் விட்டேன், மூன்று வாரம் இருந்தான். இப்போது வீட்டில் இருக்கிறான். அவனைப் போன்றவர்களுக்கு வேறு கூட்டம் இருக்கிறது, அதற்குப் போகிறான். இன்றைக்குக் குடிக்கவில்லை. நாளைக்கு எப்படி என்று எனக்குத் தெரியாது மகளே, முன்பு போல நன்றாகிவிட்டான் என்று உனக்கு எழுதி ஏமாற்ற மாட்டேன்.

இசக்கி செப்டம்பரில் அனுஷா பள்ளிக்கூடத்துக்காகத் திரும்பி வந்தாள், ஆனால் நம் வீட்டுக்கு வரவில்லை. சரசம்மா வீட்டு மாடி அறையில் இருக்கிறாள், ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அனுஷாவைக் கொண்டுவந்து காட்டுகிறாள், லிங்கத்தோடு வாசலில் நின்று நாலு வார்த்தை பேசுகிறாள், உள்ளே வர மாட்டாள். நான் வா என்று கூப்பிடுவதும் இல்லை. அவள் வருவாளா, தனியாகவே இருப்பாளா, அது அவள் முடிவு. ஒன்று சொல்ல வேண்டும், போன வாரம் அவள் கூட்டத்தில் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் கேட்ட சிரிப்பு. எனக்குச் சந்தோஷப்படக்கூட உரிமை இல்லை என்று தலையைக் குனிந்துகொண்டேன். சனிக்கிழமைகளில் என்னிடமிருந்து இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்காருகிறாள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை, ஆவுடை. கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய், போனால் போகட்டும் அம்மா என்று எழுதுவாய், உன்னை எனக்குத் தெரியும். அப்படி எழுதாதே. நீ சொன்னது சரி, நான் செய்தது தப்பு, உனக்கு முப்பத்து மூன்று வயதாகிறது, உன் வாழ்க்கையைப் பற்றி நான் ஒரு நாளும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. வயிற்றெரிச்சல் என்று சொன்ன அந்த வார்த்தையை நான் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது, ஆனால் அது பொய் என்று உனக்குத் தெரிய வேண்டும். கோபம் இருந்தால் கோபமாகவே எழுது, நான் படிப்பேன். லீவுக்கு வர வேண்டும் என்று வற்புறுத்த மாட்டேன், வந்தால் உனக்குக் கட்டில் போட்டு வைத்திருக்கிறேன். நெஞ்சில் சளி கட்ட விடாதே, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வகுப்புக்குப் போகாதே, கருப்பட்டியும் சுக்கும் பார்சல் அனுப்புகிறேன். பழவங்காடிப் பிள்ளையார் உன் கூடவே இருக்கட்டும். நீ எடுத்து வைக்கிற அடி ஒவ்வொன்றும் நல்லதாக விளங்கட்டும்.

கடைசியாக ஒன்று. நேற்றுக் கூட்டம் முடிந்ததும் இசக்கி என் பக்கம் வந்து, "மதினி அட்ரஸ் தாங்க அத்த, நான் எழுதிக் கேக்கணும்" என்றாள். என்ன கேட்கப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை, எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே அவள் கடிதமும் வரும். கல்யாணத்துக்கு முன்னால் என்னென்ன நடந்தது, யார் யாருக்கு எது தெரியும், நான் உன்னிடம் என்ன சொன்னேன் என்று அவள் கேட்பதற்கெல்லாம் உனக்குத் தெரிந்ததை அப்படியே எழுது. எனக்காக ஒரு வார்த்தையைக்கூட மென்று முழுங்காதே.

உன் அம்மா,
பகவதியம்மாள்